வாஸேப்பூரும் ஒரு பாஸ்புக்கும்

நான் பணி ஓய்வு பெற்றது 2012 மே மாதம். பென்ஷன் கணக்கெல்லாம் சரியாகி மூச்சு விடுவதற்குள் பெங்களூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, நீங்க முன்னாடி வேலை பார்த்த தன்பாத் பத்தி ஒரு இந்திப் படம் வந்திருக்கு. கிளம்பி வாங்க, டிக்கெட் நான் எடுக்கிறேன்."

தன்பாத்தைப் பற்றி யார் படம் எடுப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இன்றைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு தன்பாத் என்றால் ஆலப்புழையிலிருந்து ஈரோடு, சேலம் வழியாகப் போகும் அந்த எக்ஸ்பிரஸ் ரயிலின் பெயர், அவ்வளவுதான். நான் அங்கே 1979 முதல் 1983 வரை இருந்தேன். வங்கியில் ஆபீசராகப் பதவி உயர்வு கொடுத்த கையோடு அங்கே தூக்கிப் போட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனவே மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

படம் 'கேங்ஸ் ஆஃப் வாஸேப்பூர்'. இயக்கியவர் அனுராக் காஷ்யப். இரண்டு பாகம், முதல் பாகம் ஜூனிலும் இரண்டாவது ஆகஸ்டிலும் வந்தன. இரண்டும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல். சென்ற வாரம் வீட்டில் டி.வி.யில் மறுபடியும் முழுக்கப் பார்த்தேன். என் மனைவி இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். வசவு அப்படி. வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமல்ல என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஊரில் நாலு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அங்கே பேச்சு அப்படித்தான் இருக்கும்.

பெங்களூர் தியேட்டரில் படம் தொடங்குமுன் திரையில் ஒரு நன்றி அறிவிப்பு வந்தது. மதுரை மூவர் பாலா, அமீர், சசிகுமார் ஆகியோருக்கு. நான் மதுரைக்காரன். வடக்கே எடுத்த ஒரு படத்தில் நம்மூர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2008-ல் வந்த சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' தன்னைத் தூண்டியதாகக் காஷ்யப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1980-ன் மதுரையைக் காட்டிய படம் அது. 1980-ல் நான் மதுரையில் இல்லை, தன்பாத்தில் இருந்தேன். என் இரண்டு ஊரையும் இரண்டு பேர் படமாக எடுத்து, ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்திருக்கிறது. படத்தில் துர்காவாக நடித்திருப்பவரும் நமக்குத் தெரிந்தவர்தான், 'மின்னலே' ரீமா சென்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஷாஹித் கான் என்று ஒருவன். சுல்தானா என்கிற கொள்ளைக்காரனின் பெயரைச் சொல்லி ரயிலைக் கொள்ளையடிக்கிறான். அந்தப் பெயரைத் தங்களுடையதாக நினைக்கும் குரேஷிகள் அவனை வாஸேப்பூரிலிருந்து துரத்துகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாகிறான். சுதந்திரத்துக்குப் பிறகு ராமாதீர் சிங் என்ற முதலாளிக்கு அடியாளாகிறான். அடியாளுக்குத் தன் நாற்காலி மேல் கண் என்று தெரிந்ததும் முதலாளி அவனைக் காசிக்கு அனுப்பிக் கொன்றுவிடுகிறான். மகன் சர்தார் கான் பழி தீர்க்கும்வரை தலையில் முடி வளர்க்க மாட்டேன் என்று மொட்டை அடித்துக்கொள்கிறான். அவனும் சுடப்பட்டுச் சாகிறான். அவன் மகன் ஃபைசல் கஞ்சா புகையிலிருந்து எழுந்துவந்து மிச்சக் கணக்கை முடிக்கிறான். 1940-களிலிருந்து 2000-கள்வரை மூன்று தலைமுறை. சர்தாராக மனோஜ் பாஜ்பாய், ஃபைசலாக நவாஸுதீன் சித்திகி, ராமாதீராக இயக்குநர் திக்மான்ஷு தூலியா. இந்த மூன்றாமவரின் நடிப்புதான் எனக்கு அதிகம் பிடித்தது. குரலை உயர்த்தாமல் மிரட்டுகிற ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களில் ஒருவரான ஜீஷான் காத்ரி வாஸேப்பூரில் பிறந்து வளர்ந்தவர். டெஃபினிட் என்ற பாத்திரத்தில் நடித்திருப்பவரும் அவரே.

வாஸேப்பூர் தன்பாத் நகரத்தின் ஒரு பகுதி. நான் இருந்த கிளை அங்கே இல்லை; ஜரியா பக்கம், ஒரு சுரங்கத்தை ஒட்டி இருந்தது. அந்தக் கரியின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும்.

ஜரியாவில் கிடைப்பது கோக்கிங் கோல். எஃகு ஆலைக்கு உயிர் அதுதான். 1890-களில் ரயில் பாதை வந்ததும் ஜமீனிடம் குத்தகைக்கு எடுத்து ஆளாளுக்கு மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் சுரங்கம் இந்தியர் கைக்கு வந்தது போலப் படத்தைப் பார்த்தால் தோன்றும். பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் இருந்தது உண்மை. ஆனால் ஜரியாவில் அதற்கு வெகுநாள் முன்பே குஜராத்திகள், மார்வாடிகள், வங்காளிகள் என்று நம்மவர்களே ஏராளமான சுரங்கங்களை நடத்தினார்கள். எல்லோரும் செய்தது ஒன்றுதான்: சுலபமாகக் கிடைக்கிற கரியை வழித்தெடுத்துவிட்டு அடுத்த குழிக்குப் போவது. 1916-ல் பௌரா என்ற இடத்தில் நிலத்தடியில் பிடித்த தீயை இன்றுவரை யாராலும் அணைக்க முடியவில்லை. அதன்பின் எத்தனையோ இடங்களில் பற்றிக்கொண்டது. இரவில் ஜரியா சாலையில் போனால் மண் வெடிப்புகளில் செக்கச்செவேலென்று தெரியும். புது ஆளாகப் போன நான் ஏதோ சுள்ளி எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கூலிக்கு முதலில் சந்தால்கள், பௌரிகள் போன்ற உள்ளூர் ஜனங்கள். பிறகு பலியா, ஆரா, சாப்ரா, கோரக்பூர் என்று மேற்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களை மேய்க்கப் பயில்வான்கள். கையில் லாட்டி. வேலைக்கு எழுப்புவது, வேலையை விட்டுப் போகாமல் பார்ப்பது, கூலியிலிருந்து பிடித்தம் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இதற்கெல்லாம் முடிவுகட்டத்தான் தேசியமயம் வந்தது. அதைக் கொண்டுவந்த மத்திய அமைச்சர் நம்மவர், மோகன் குமாரமங்கலம். முன்னாள் முதலமைச்சர் சுப்பராயனின் மகன். கோக்கிங் கோல் சுரங்கங்களை 1971 அக்டோபரில் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்து, 1972 மே முதல் தேசியமயமாக்கியது. மற்றச் சுரங்கங்கள் 1973 மே 1 முதல். அதே மே மாதம் 31-ம் தேதி, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன விமானம் பாலம் அருகே விழுந்ததில் குமாரமங்கலம் இறந்துபோனார். தான் போட்ட திட்டம் தன்பாத்தில் என்னவாயிற்று என்பதைப் பார்க்க அவர் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கு ஆறு வயது. முதலாளிகள் போய்விட்டார்கள், பயில்வான்கள் போகவில்லை. சுரங்கங்களைக் கையகப்படுத்தும் சமயத்தில் ஆள்பட்டியல் எழுதியபோது பல இடங்களில் உண்மையான தொழிலாளியின் பெயர் விடுபட்டு, எங்கோ இருந்தவன் பெயர் ஏறிவிட்டது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். கரியை அரசு வெட்டியது. ஏற்றுவது, லாரியில் கொண்டுபோவது, மணல் போடுவது எல்லாம் காண்ட்ராக்ட். மணல் விஷயம் நம் பக்கத்தில் தெரிந்திருக்காது. கரியை எடுத்த வெற்றிடத்தில் தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே அனுப்பி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிலம் உள்வாங்கும், காற்று புகுந்து தீ பிடிக்கும். பூமிக்குள் போன மணலை யார் எண்ணிப் பார்ப்பது? நூறு லாரி போட்டுவிட்டு நூற்றைம்பதுக்கு பில் எழுதலாம். கரி மாஃபியா என்ற சொல் இந்த பில்களிலிருந்துதான் பிறந்தது. துப்பாக்கி அதற்குக் காவல்.

இதற்கு மேல் யூனியன்கள். பி.பி. சின்ஹா என்ற பெரிய தொழிற்சங்கத் தலைவர் 70-களின் கடைசியில் சுட்டுக்கொல்லப்பட்டார். நான் போனபோதும் டீக்கடையில் அந்தப் பேச்சுதான், அதுவும் தணிந்த குரலில். 1977-ல் ஜரியாவின் எம்.எல்.ஏ. ஆன சூரியதேவ் சிங்கின் வீட்டுக்கு 'சிங் மேன்ஷன்' என்று பெயர். ரிக்‌ஷாக்காரனிடம் வழி கேட்டால் அந்த வீட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்வான். அதே 1977-ல் தன்பாத்தின் எம்.பி. ஆனவர் ஏ.கே. ராய். சிந்திரி உரத் தொழிற்சாலையில் கெமிக்கல் எஞ்சினியராக இருந்துவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தவர். சிறையில் இருந்தபடியே ஜெயித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எம்.பி. ஆன பிறகும் எளிமையாகவே வாழ்ந்தார், 2019-ல் இறக்கும்வரை. ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே ஜனங்கள் இந்த இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். இதை வைத்தே தனியாக ஒரு படம் எடுக்கலாம். யாரும் எடுக்க மாட்டார்கள், ராய் யாரையும் சுடவில்லையே!

1979-ல் 'காலா பத்தர்' வந்தது. அமிதாப் நடித்தது. தன்பாத் பக்கத்தில் உள்ள சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27-ம் தேதி சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்திலிருந்து பிறந்த கதை. தன்பாத்தில் அதைப் பார்த்தேன். தண்ணீர் வரும் காட்சியில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனது நினைவிருக்கிறது. அந்தப் படத்தில் சுரங்கத்துக்குள் இருப்பவர்கள்தான் கதை. வாஸேப்பூர் படத்தில் சுரங்கத் தொழிலாளி ஆரம்பத்தில் சில நிமிடங்கள் வந்துவிட்டுக் காணாமல் போகிறான். பிறகு கரியே இல்லை. மீன் குளம், பழைய இரும்பு, துப்பாக்கி, தேர்தல். தேசியமயத்தைப் பின்னணிக் குரலில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சண்டைக் காட்சிகளைக் கைதட்டி ரசித்த எனக்கு வெளியே வந்ததும் நெருடியது இதுதான்.

ஏனென்றால் அந்தத் தொழிலாளியைத்தான் நான் தினம் கவுண்டரில் பார்த்தேன்.

சம்பளம் பெரும்பாலும் ரொக்கம். சுரங்க ஆபீஸ் ஜன்னலில் பட்டுவாடா. ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி வட்டிக்காரனின் ஆள் நிற்பான், அவன் பக்கத்தில் யூனியன் சந்தா வாங்கும் ஆள். நூறு ரூபாய்க்கு வாரம் பத்து ரூபாய் வட்டி என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். மதுரை மார்க்கெட்டில் கந்து வட்டியைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கே தலை சுற்றியது. அசல் என்பது கட்டவே முடியாத ஒன்று. அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். வாரா வாரம் பத்து ரூபாய் வந்தால் போதும். வராவிட்டால் லாட்டி. படத்தில் காட்டுகிற அத்தனை ஜீப்புக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் இந்தப் பத்துப் பத்து ரூபாயும்தான் முதல்.

1979-ல் நிலக்கரித் தொழிலாளருக்கு இரண்டாவது தேசிய ஊதிய ஒப்பந்தம் வந்தது. அரியர்ஸ் தொகையை எங்கள் பக்கத்துச் சுரங்கத்தில் பலருக்கு வங்கிக் கணக்கில் போட்டார்கள். 1980 தொடக்கம் என்று நினைவு. ஒரு காலை, கவுண்டர் திறக்குமுன்பே ஒருவர் வந்து என் மேஜை அருகே நின்றார். மால்கட்டா, அதாவது கரி வெட்டி டப்பாவில் ஏற்றுகிறவர். நாற்பது வயது இருக்கும், பார்த்தால் அறுபது. செய்தித்தாளில் சுற்றிய பாஸ்புக்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். கணக்கில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ரூபாய். கிரிடி பக்கத்தில் ஊரில் நிலம் அடமானத்தில் இருக்கிறது, இதை வைத்து மீட்க வேண்டும், ஊருக்குப் போக லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார். பிறகு கேட்டார்:

"பாபு, அதுவரைக்கும் இது உங்க மேஜையிலேயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா பிடுங்கிக்குவாங்க. பேங்க்ல இருக்குன்னு சொல்லிடுவேன்."

வாடிக்கையாளரின் பாஸ்புக்கை ஊழியர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், அதனால் நடக்கும் மோசடிகள் நிறைய. அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. என் மேஜை டிராயரில் ஒரு பாஸ்புக் கிடைத்தால் என் புரொபேஷன் என்னாகும் என்றுதான் என் புத்தி ஓடியது. முடியாது என்று சொன்னேன். என் அரைகுறை இந்தியில் விதியையும் விளக்கினேன். அவர் வாதாடவில்லை. மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த பாஸ்புக் இன்னொருவன் கையில் வந்தது. வெள்ளைக் குர்தா, வாயில் பான். இவர் அவனுக்குப் பின்னால் நின்றார். கைநாட்டு வைக்கிறவர் நேரில் வர வேண்டும், வந்திருந்தார். போட்டோ ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போனது. ரேகையை என் முன்னால் வைக்க வேண்டும்; வைத்தார். விருப்பப்பட்டுத்தான் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பித்தளை டோக்கன் கொடுத்து, பணம் அவர் கையிலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டது. வங்கி வாசல் பெஞ்சில் அது கை மாறியது. எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாலும் அந்த வவுச்சரில் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்று மாலை எங்கள் தலைமைக் காசாளரிடம் இதைச் சொன்னேன். வங்காளி, என்னைவிட இருபது வயது மூத்தவர், தாதா என்று கூப்பிடுவோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டு, ரசீதை சேஃப் கஸ்டடியில வெச்சிருக்கலாமே. மூணு மாசத்துக்குப் போட்டா அவனே நினைச்சாலும் அவசரத்துக்கு எடுக்க முடியாதுன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பான். இங்கே சில பேருக்குச் செஞ்சிருக்கோம். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், பாஸும் ஆகியிருக்கிறேன். டெபாசிட் ரசீதை வங்கியே பாதுகாப்பில் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று ரிஜிஸ்தர், ஒப்புகைச் சீட்டு எல்லாம் உண்டு. அவர் கேட்டது பாஸ்புக்கை வைத்துக்கொள்ள. அதற்குத்தான் பதில் சொன்னேன். அவருக்கு வேண்டியது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தாதாவும் நானுமாகப் பத்துப் பதினைந்து பேருக்கு அப்படிச் செய்து கொடுத்தோம். ஒருநாள் வெள்ளைக் குர்தா வந்து என் மேஜை எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "மத்ராசி பாபு குடும்பத்தோடதானே இருக்கீங்க?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனான். குரலை உயர்த்தவில்லை. அந்த மாதமே என் மனைவியை மதுரைக்கு அனுப்பிவிட்டேன். இதை அவளிடம் சொன்னது ஓய்வு பெற்ற பிறகுதான்.

படத்தில் எனக்கு மறக்காத காட்சி துப்பாக்கிச் சூடு எதுவும் இல்லை. ஆரம்பத்தில் ஷாஹித் கான் சுரங்கத்தில் கூலியாக இருக்கும்போது அவன் மனைவிக்குப் பிரசவ வலி. அங்கே இருக்கும் பயில்வான் அவனைப் போகவிடுவதில்லை. அவள் இறந்துபோகிறாள். பிறக்கிற பிள்ளைதான் சர்தார். ஷாஹித் அந்தப் பயில்வானைக் கொல்கிறான். கொன்றவனை முதலாளி அடுத்த பயில்வானாக வைத்துக்கொள்கிறான். ஜரியாவின் நூறு வருடச் சரித்திரம் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஐந்து மணி நேரமும் கதை, பயில்வான் ஆகிவிட்டவனின் பிள்ளைகளைப் பற்றி. அவனோடு குழியில் நின்ற மற்றவர்கள் மேலே வருவதே இல்லை. படம் முடிந்து வந்தபோது அக்கா மகன், "எப்படி மாமா, உங்க ஊர் மாதிரியே இருந்ததா?" என்று கேட்டான். இருந்தது என்றேன். பொய்யில்லை. பாதி ஊர் இருந்தது.

1983-ல் எனக்குத் தெற்கே மாற்றல் வந்தது. பொறுப்பை ஒப்படைக்குமுன், நெடுநாளாக வரவு செலவு இல்லாத கணக்குகளைத் தனி லெட்ஜருக்கு மாற்றும் வேலை பாக்கி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தேன். அதில் அவருடைய கணக்கும் வந்தது. 1980-க்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. கணக்கை மூடாமலிருக்க விட்டுவைத்த குறைந்தபட்ச இருப்பு ஐந்து ரூபாய், அதன் மேல் சில பைசா வட்டி. மாற்றி எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.